விலைக்கழிவுத் துண்டுகளை அடுக்கச் சுருக்கவழி இருக்கிறதா?

பரந்தன் பிள்ளை: கிளிநொச்சியில் சாமான் வாங்கும் கடைகளில் தரும் விலைக்கழிவுத் தாள்களை வெட்டி, பருப்பு வேறு, பால்மா வேறு என்று பிரிக்கவே ஞாயிறு பின்னேரம் போய்விடுகிறது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வவுனியா அக்கா: வகை பிரிக்காதையுங்கோ தங்கச்சி. முடிவுத் திகதிப்படி அடுக்குங்கள், முந்தி முடிவது மேலே. அதற்கும் முதல் வீட்டுக்குத் தேவையானதை எழுதிவிடுங்கள். பட்டியலில் இல்லாததற்குக் கத்தரிக்கோலே எடுக்க வேண்டாம். மிச்சத்தை முழுத்தாளாகவே மடித்து, சந்தைப் பையிலேயே வைத்துவிடுவேன். மேசை லாச்சியில் கிடக்கும் துண்டால் யாருக்கு லாபம்?

மாங்குளத்தான்: வங்கி அட்டைக் கழிவுக்குத் துண்டே தேவையில்லை, எந்தக் கிழமை என்று போனில் குறித்தால் சரி. ஆனால் பஸ் காசையும் கணக்குப் பாருங்கோ. சீனியில் மிச்சம் பிடித்ததை ஏ9 வீதியிலேயே விட்டுவிட்டு வருகிற ஆட்கள் இருக்கினம்.

பரந்தன் பிள்ளை: நன்றி அக்கா. அப்புறம் அண்ணை, எனக்குச் சைக்கிள்தான்!