இரண்டாம் சுருளில் எழும் தேவையற்ற அலைவை அடக்க வழி கேட்கிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவில் பன்னிரண்டாம் வகுப்பு பயிலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். 1831இல் ஃபாரடே இரும்பு வளையத்தில் இரு சுருள்களைச் சுற்றிக் கண்டறிந்ததை அவர்கள் நேரில் காண வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

இரண்டாம் சுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம், முதல் சுருளில் எவ்வளவு மின்னோட்டம் பாய்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, அது எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதையே பொறுத்தது. பரிமாற்று மின்தூண்டல் எண் (முதல் சுருளின் மின்னோட்ட மாற்றம் இரண்டாம் சுருளில் எவ்வளவு மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பதன் அளவு) 5 மில்லிஹென்றியாக இருந்து, மின்னோட்டம் நொடிக்கு 100 ஆம்பியர் வீதம் மாறினால், அரை வோல்ட் கிடைக்கும். இதைக் காட்ட முக்கோண அலை மின்னோட்டமே மிகப் பொருத்தமானது, ஏனெனில் அதன் சாய்வு சீராக இருப்பதால் மறுபுறம் சதுர அலை தோன்றும்.

இங்கு மின்னணுப் பொருள்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பொருள்) வளையத்தில் சுற்றிய சுருள்களில் சதுர அலை வருகிறது. ஆனால் அதன் ஒவ்வொரு விளிம்பிலும் சிறிது நேரம் அலைவு எழுந்து அடங்குகிறது. சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்குத்திறனே காரணம் எனக் கருதுகிறேன். அலைவை அடக்க இரண்டாம் சுருளுக்குக் குறுக்கே மின்தடை இணைக்கலாம், எனினும் அதன் மதிப்பு மிகக் குறைந்தால் அங்கே பாயும் மின்னோட்டம் முதல் சுருளையும் பாதிக்கும். அலைவின் அதிர்வெண்ணிலிருந்தே தகுந்த மின்தடையைக் கணக்கிட முடியுமா? சுருள்களை வளையத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் சுற்றினால் பயனுண்டா? செய்து பார்த்தவர்கள் அன்புகூர்ந்து விளக்குங்கள்.