வங்கி நேர்முகத் தேர்வு: பலவீனம் என்று எதைச் சொல்லலாம்?

குழுவில் உள்ள அண்ணன்கள், அக்காக்கள் அனைவருக்கும் வணக்கம். வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐபிபிஎஸ் அமைப்பு நடத்தும் வங்கி அதிகாரி பணிக்கான முதன்மைத் தேர்வில் என் தம்பி தேறிவிட்டான். அடுத்து நேர்முகத் தேர்வு. அதற்கு 100 மதிப்பெண். பொதுப் பிரிவினர் குறைந்தது 40 சதவீதம் எடுத்தாக வேண்டும். இறுதிப் பட்டியலில் முதன்மைத் தேர்வுக்கும் இதற்கும் 80:20 என்ற விகிதம். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப் போகலாம் என்பதால் மனம் பதைக்கிறது.

வங்கி நடைமுறைகளை நன்றாகவே சொல்கிறான். "உங்கள் பலம் என்ன, பலவீனம் என்ன?" என்று கேட்டால்தான் தடுமாறுகிறான். "எதிலும் முழுமையை எதிர்பார்ப்பதே என் பலவீனம்" என்று பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. இதே பதிலைக் கேட்டுச் சலித்தவர்கள் "ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்று உடனே மடக்கிவிடுவார்கள்.

அவன் பலம் கணக்கில் உள்ள நிதானம். எங்கள் தெருக் கோயில் திருவிழா வரவு செலவை அவன்தான் எழுதுகிறான். ரசீதுகளைத் தேதிவாரியாக நூலில் கோத்து வைத்திருப்பான். பலவீனம், முன்பின் தெரியாதவர்களிடம் பேசத் தயங்குவது. நாள் முழுவதும் வாடிக்கையாளர்களோடு பேச வேண்டிய வேலைக்கு இதைச் சொல்லலாமா? தயக்கம் போக, அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கு வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறான். அதையும் சேர்த்துச் சொன்னால் போதுமா, வேறு பலவீனத்தைச் சொல்வது நல்லதா?

வங்கியில் பணிபுரிபவர்கள், குறிப்பாகத் தேர்வுக் குழுவில் அமர்ந்தவர்கள், தயவுசெய்து எழுதுங்கள். மாதிரி விடை வேண்டாம். நீங்கள் சொன்ன பதிலும், அதற்கு அடுத்து வந்த கேள்வியும் தெரிந்தால் பேருதவியாக இருக்கும்.