அண்மைவினையும் முன்னுண்மையும்: இரு கலைச்சொற்கள் பற்றி

அன்புடையீர்,

வணக்கம். தொலைவில் பிரிந்திருக்கும் துணிக்கைகளின் அளவீட்டு விடைகள் எவ்வளவுக்கு ஒத்துப்போகலாம் என்பதற்கு எல்லை வகுப்பது, பௌதிகவியலாளர் பெல்லின் தேற்றம். அதில் வரும் இரு எடுகோள்களுக்குத் தாங்கள் முன்மொழிந்த 'உள்ளூர்மை' (locality), 'யதார்த்தவாதம்' (realism) ஆகிய சொற்களை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. முதலாவதைக் கேட்டவுடன் கொழும்பில் இருப்பவருக்கு உள்ளூராட்சிச் சபைதான் நினைவுக்கு வரும். இரண்டாவது, ஈழத்து இலக்கிய விமர்சனத்தில் நெடுங்காலமாக வேறொரு பொருளில் ஊன்றிவிட்ட சொல். இவற்றைப் பழக்கத்தால் கடந்துவிடலாம். இன்னும் தீராத ஒரு வாதத்துக்குச் சொல்லே தீர்ப்பு எழுதிவிடுமானால் அதைக் கடப்பது அரிது.

ஒரு சோடிச் செருப்பைப் பிரித்து, கொழும்பின் ஒரு பகுதியான வெள்ளவத்தைக்கு ஒன்றையும் மற்றொரு பகுதியான கொட்டாஞ்சேனைக்கு மற்றதையும் அனுப்பினால், வெள்ளவத்தையில் பெட்டியைத் திறந்து இடக்காற் செருப்பைக் கண்டவர், மற்றப் பெட்டியில் இருப்பது வலக்காலுக்குரியது என்று அக்கணமே அறிவார். எதில் எது என்பது கடையிலேயே முடிவானதால் இதில் வியப்பில்லை. 1935 இல் ஐன்ஸ்டைன், பொடொல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் குவாண்டம் துணிக்கைகளின் இணைபையும் (அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று பொருந்திவருவதையும்) ஏறத்தாழ இவ்வாறே கருதி, அந்த முன்முடிவைச் சொல்லாத குவாண்டம் கோட்பாடு நிறைவற்றது என்று வாதிட்டனர். (குவாண்டத்துக்குப் பழைய பாடநூல்கள் தந்த 'சக்திச்சொட்டு' எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் 'சக்திச்சொட்டு இணைபு' என்றால் அங்கே சொட்டுவது எது என்று மாணவர் கேட்பார்.) இரு பக்கத்தாரும் இரண்டு அளவீடுகளுள் எதைச் செய்வது என்பதைத் தம் விருப்பப்படி தெரிவுசெய்யும்போது செருப்புக் கதைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை 1964 இல் பெல் காட்டினார். 1969 இல் கிளவுசர் உள்ளிட்ட நால்வர் நான்கு இணைபுகளைச் சேர்த்து அமைத்த கணக்கில் அந்த எல்லை 2. குவாண்டம் கோட்பாடு 2.828 வரை செல்கிறது. 2015 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் 1.3 கிலோமீற்றர் இடைவெளியில் இரு இலத்திரன்களின் சுழற்சிகளை (spin) அளந்தபோது கிடைத்தது 2.42, வழு 0.20.

இனிச் சொல்லுக்கு வருவோம். வெள்ளவத்தையில் செய்த தெரிவு கொட்டாஞ்சேனையின் விளைவை உடனடியாகப் பாதிக்காது என்பது முதல் எடுகோள். அயலிலுள்ளதை மட்டுமே வினை தொடும் என்னும் பொருளில் 'அயல்வினை' என்றுதான் முதலில் எழுதினேன். ஆனால் நமக்கு அயலவர் பக்கத்து வீட்டுக்காரர். தமிழகத்து வாசகரோ அயல்நாட்டை நினைத்து நேரெதிராகப் பொருள் கொள்ளக்கூடும். ஆகவே 'அண்மைவினை' என்பதே என் பரிந்துரை. அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என்று இலக்கண வகுப்பில் படித்த எவருக்கும் இதன் எதிர்ச்சொல் தானாகவே விளங்கும். அண்மைக்கும் சேய்மைக்கும் இடைப்பட்டதைச் சுட்டி யாழ்ப்பாணத்தார் நாவில் இன்றும் வாழும் 'உது'வுக்கு இங்கே இடமில்லாமற்போனதில் எனக்குச் சிறு வருத்தம்.

அளவீட்டின் விடை அளப்பதற்கு முன்பே பொருளிடம் இருந்தது என்னும் எடுகோளுக்கு 'முன்னுண்மை' என்று வைக்கலாம். உண்மை என்பதற்கு உள்ளதாந்தன்மை என்பது பழம்பொருள். உண்மை, இன்மை என்று இணையாக வரும்போது அப்பொருளே துலங்கும். 'உள்ளது போகாது, இல்லது வாராது' என்னும் சைவசித்தாந்தக் கூற்றை இங்கே துணைக்கழைக்கச் சிலருக்கு ஆவல் எழலாம். அதை நான் தவிர்ப்பேன். அக்கூற்று காரணத்துள் காரியம் இருப்பதைப் பேசுவது, அளவீட்டு எண்களை அன்று.

மறுப்புச் சொற்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். எல்லை மீறப்பட்டதைச் 'சேய்மைவினை நிறுவப்பட்டது' என்று எழுதினால் தவறாகும். இவ்விணைபைக் கொண்டு கொட்டாஞ்சேனைக்கு ஒரு செய்தியும் அனுப்ப முடியாது. அங்கிருப்பவர் தம் விளைவுகளை மட்டும் பார்த்தால், இங்கு என்ன அளந்தோம் என்பதை அறியவே மாட்டார். எனவே 'அண்மைமீறல்' என்னும் அடக்கமான சொல்லே போதும். பௌதிகவியலாளர் டேவிட் போமின் 1952 ஆம் ஆண்டுக் கோட்பாடு துணிக்கைகளின் இருப்பிடத்துக்கு முன்னுண்மையைத் தந்து அண்மைவினையைக் கைவிடுகிறது. முன்னுண்மையைக் கைவிட்டு அண்மைவினையைக் காப்பாற்ற முயல்வோரும் உள்ளனர். அளவீட்டுத் தெரிவு சுயாதீனமானது என்பது, இவ்விரண்டோடு சொல்லாமலே சேர்ந்துவரும் மூன்றாவது எடுகோள். அதை ஐயுறுவோரும் இருக்கிறார்கள்.

அண்மைவினை, முன்னுண்மை இரண்டையும் 'அண்மை முன்னுண்மை' (local realism) என்று ஒரே தொடராக்கும் யோசனையும் எனக்கு முழு உடன்பாடன்று. முழுமையான இணைபையும் அண்மைவினையையும் ஏற்றால் முன்னுண்மை அவற்றிலிருந்து தானே பெறப்படும். அதைத் தனி எடுகோளாக எண்ணத் தேவையில்லை என்பது பெல் தாமே வலியுறுத்திய வாசிப்பு. தொகைச்சொல்லோ இரண்டும் சமநிலையான எடுகோள்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 'அண்மைவினையோடு கூடிய முன்னுண்மை' என்று விரித்தெழுதினால் நீளும். ஆயினும் இப்போதைக்கு அதையே வரைவில் இட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான, பக்கஞ்சாராத தொடர் தங்களிடம் இருந்தால் வரைவைத் திருத்தி அனுப்புக.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து