உப்பு போட்ட தோலில் சிவப்பு படர்ந்தால்

"சிவப்பு வந்துவிட்டதா? இன்னும் கொஞ்சம் உப்பைக் கொட்டு, செத்துவிடும்." இதைச் சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சாகாது. அழுகல் பாக்டீரியாவுக்குத்தான் உப்பு எமன். தோலில் சிவப்பைக் கொண்டுவரும் கிருமிகள் உப்பு குறைந்தால்தான் சாகும்.

நான் வேலை பார்த்த டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வெயில் காலத்தில் உப்பு போட்டு வைத்திருந்த தோல்களின் ஒரு அடுக்கைப் பிரித்தோம். மேலே இருந்த தோல்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவுக்குப் போகப் போகக் கையில் சூடு தெரிந்தது, அப்புறம் சதைப்பக்கத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள், இன்னும் கீழே செங்கல் நிறத்தில் திட்டுத் திட்டாக, தொட்டால் வழவழவென்று. வயிற்றோரத்தில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாலே மயிர் கையோடு வந்தது. தொழிலில் இதற்கு ரெட் ஹீட் என்று பெயர்.

லேபில் இருந்த பையன் அந்தச் சிவப்பைச் சுரண்டி வெறும் தண்ணீரில் கலக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தான். உருப்படியாக ஒன்றும் தெரியவில்லை. கெட்டியான உப்புக் கரைசலில் கலக்கி வைத்த பிறகுதான் குச்சி குச்சியாக நெளிந்தன. ஹாலோபாக்டீரியம் வகையறாவின் செல்கள் உப்பு இருந்தால்தான் உடையாமல் நிற்கும், நல்ல தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். பெயரில் பாக்டீரியா இருந்தாலும் இவை ஆர்க்கியா என்ற தனி இனம். 1934-லேயே லாக்ஹெட் என்பவர் சிவந்துபோன உப்புத் தோல்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார், ஆக இது ஒன்றும் புதுத் தொல்லை இல்லை.

எங்கிருந்து வருகிறது என்றால், பெரும்பாலும் உப்பிலிருந்தேதான். உப்பளப் பாத்திகளில் தண்ணீர் சிவந்து நிற்குமே, அங்கே இருப்பவையும் இதே கூட்டம்தான். கடல் உப்போடு ஒட்டிக்கொண்டு வந்து தோலில் புரதமும் கொழுப்பும் கிடைத்ததும் பெருகுகின்றன, அதிலும் 40 டிகிரியை ஒட்டிய சூடு இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் என்னைக் கேட்டால் உண்மையான ஏமாற்று வேலை ஊறல் தொட்டியில்தான் நடக்கிறது. தண்ணீர் பட்டதும் செல்கள் உடைந்து சிவப்பு கரைந்து போய்விடும், தோல் வெள்ளையாகத் தெரியும், எல்லோரும் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். சிவப்பு வெறும் கரோட்டினாய்டு நிறமி, அதனால் தோலுக்குக் கேடில்லை. கேடு செய்தது அந்தச் செல்கள் விட்ட நொதிகள். அவை புரதத்தைத் தின்ற இடம் வெட் ப்ளூவில்தான் (குரோமில் பதனிட்டு நீலமாக, ஈரமாக இருக்கும் நிலை) காட்டிக்கொடுக்கும்: கிரெயின், அதாவது தோலின் மயிர்ப்பக்க மேற்பரப்பு, அங்கங்கே உரிந்திருக்கும், பளபளப்பு இருக்காது, சாயம் ஏற்றினால் திட்டாகப் பிடிக்கும். அதற்குப் பிறகு எந்த ஃபினிஷிங்கும் முழுதாக மறைக்காது. இன்னொன்று, நிறமே இல்லாத உப்பு விரும்பிகளும் உண்டு, அதனால் சிவப்பைக் காணோம் என்பதை வைத்துத் தோல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒருமுறை போட்ட உப்பை உதறி எடுத்து மறுபடி போடுவதை முதலில் நிறுத்துங்கள், மிச்சம் பிடிப்பதாக நினைத்துக் கிருமியைத்தான் பரப்புகிறோம். உப்போடு கொஞ்சம் போரிக் அமிலம் கலப்பவர்கள் உண்டு, அது உதவுகிறது. ஆனால் குடோன் சூடாக இருந்து சரக்கு மாதக்கணக்கில் அடுக்கில் கிடந்தால் அதுவும் ஓரளவுக்குத்தான். குளிர்ச்சியான இடமும் சீக்கிரம் வேலைக்கு எடுப்பதும்தான் நான் நம்புகிற வழி.

சிவப்பு இல்லாமல் ஊதாத் திட்டு வந்த சரக்கை யாராவது வெட் ப்ளூ வரைக்கும் கொண்டுபோயிருந்தால், கிரெயின் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.