புதுப்பிப்பு: அதிகம் பேசாத லஸ்கர் அண்ணன்

வெண்ணாற்றுப் பிரிவு அலுவலகத்தில் உடன் பணிபுரியும் மூத்த லஸ்கர் (மதகைத் திறந்து மூடி நீரைப் பங்கிடும் பாசன ஊழியர்) ஒருவர் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாததால், அவரோடு எப்படிப் பழகுவது என்று முன்பு கேட்டிருந்தேன். மதகுக்கு அவருடன் கூடவே போய் வரும்படி பலர் சொன்னீர்கள், அப்படியே செய்தேன்.

மேட்டூரில் திறந்த நீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி எங்கள் மதகை எட்டும்போது, இரவு பகல் பாராமல் அளவுகோலைப் பார்த்து மட்டத்தைக் குறித்து, அதற்கேற்ப ஷட்டரை ஏற்றி இறக்குவது அவர் வேலை. கைப்பிடியைச் சுற்றுகையில் பல்சக்கரம் எழுப்பும் ஓசையைக் கேட்டே, கிரீஸ் வற்றிவிட்டதா, அடியில் செத்தை சிக்கியிருக்கிறதா என்று சொல்லிவிடுகிறார். (எனக்குக் கிடைத்த பயிற்சியில் இதெல்லாம் இல்லை.)

ஒரு மாலை, “தம்பிக்குச் சொந்த ஊர் எது?” என்று அவரே பேச்சைத் தொடங்கினார். அவருடைய ஊர் தலைஞாயிறு பக்கம், கடைமடை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்த பிறகும், அவருடைய இளைய சகோதரர் அங்கேயே நேரடி விதைப்பில் சம்பா செய்கிறார். மேலே நின்று நீரைப் பங்கிடுகிறவரின் வயலுக்கு அந்த நீர் கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது. பகுதிக்குப் பகுதி முறை வைத்து நீர் விடும் நாட்களில் மேல்மடைக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் அவர் அசையாததன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்கியது.

அறுவடைக்கு ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறார். திருத்துறைப்பூண்டியில் பேருந்து மாற வேண்டுமாம்.