கடைக்கு ஆள் வருவது ருசியாலா, பலகையாலா?

கல்லாப்பெட்டி மகன் | திங்கள், இரவு 9.20

யாங்கூனில் (பழைய ரங்கூன்), அனோரதா சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் சிற்றுண்டிக் கடை இருக்கிறது. ஏழே மேசைகள். காலையில் இட்லி, தோசை, பூரி, மதியம் சாப்பாடு. அப்பாவுக்கு 71 வயது. இன்றும் சட்னிக்குத் தாளிப்பது அவர் கைதான். என் சிறுவயதில் காலை எட்டு மணிக்குக் கடைக்குள் நிற்க இடம் இருக்காது. இப்போது அதே எட்டு மணிக்கு நான்கு மேசைகள் காலியாகக் கிடக்கின்றன.

வீட்டில் தினமும் ஒரே வாக்குவாதம். வாசலில் தமிழில் மட்டும் ஒரு சிறிய பலகை தொங்குகிறது. அதுவும் புகையேறி எழுத்து மங்கிவிட்டது. பர்மிய மொழியில் பெரிய பலகை, படம் போட்ட விலைப்பட்டியல், ஃபேஸ்புக் பக்கம், ஒரு மாதத்துக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி, இவை வேண்டும் என்கிறேன் நான். "ருசி இருந்தால் தேடி வருவான், கூவி விற்பது மீன்காரன் வேலை" என்கிறார் அப்பா. (மீன் விற்பவர்கள் மன்னிக்கவும்.) நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பழைய தராசு | திங்கள், இரவு 10.05

தம்பி, நான் உன் அப்பா பக்கம். பசுண்டவுங் பகுதியில் நாற்பது வருடம் பலசரக்குக் கடை நடத்தியவன். ஒரு நாளும் விளம்பரம் செய்ததில்லை.

உன் அப்பா ருசியைப் பற்றி மட்டும் பேசுவதாக நினைக்காதே. 1964இல் இந்த ஊரில் கடைகள் அரசுடைமை ஆயின. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் எண் போட்ட மக்கள் கடைப் பலகை ஏறியது. இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏறினார்கள். இங்கேயே தங்கியவர்கள் கற்றுக்கொண்ட பாடம், கண்ணில் படாமல் பிழைப்பது. பெரிய பலகை என்றதும் அவர் முகம் சுளிப்பதற்கு அந்தப் பழைய பயமும் ஒரு காரணமாக இருக்கும். கேட்டுப் பார், சொல்லமாட்டார்.

1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போனபோது எங்கள் தெருவில் யாரிடமும் செலவுக்குப் பணம் இல்லை. நான் கடன் நோட்டைத் திறந்து வைத்தேன். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் பெயர் எழுதிக் கொடுத்தேன். அன்று வாங்கிப்போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வரைக்கும் என்னிடம்தான் வாங்கினார்கள். ஆளை ஈர்ப்பது என்றால் எனக்கு அதுதான். போகும்போது கைநிறையக் கறிவேப்பிலை கொசுறாகக் கொடு. தாயாருக்கு உடம்பு எப்படி என்று கேள். பலகை கேட்குமா?

மாவரைக்கும் அக்கா | செவ்வாய், காலை 6.50

ஐயா, உங்கள் கடன் நோட்டை நான் வணங்குகிறேன். ஆனால் அது ஏற்கெனவே உங்களைத் தெரிந்த தெருவுக்கான வைத்தியம். தம்பியின் தெருவில் அந்தக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றனவா?

தம்பியின் தமிழ்ப் பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள், பலகையே இல்லாவிட்டாலும் கடைக்கு வழி தெரிந்தவர்கள். நம் பிள்ளைகளிலேயே பலருக்குப் பர்மிய எழுத்துதான் சட்டென்று கண்ணில் படுகிறது. அந்த வழியாக நாள் முழுக்க நடக்கும் பர்மியர்களுக்கு, உள்ளே தோசை கிடைக்கும் என்பதே தெரியாது. அவர்களுக்குத் தோசை புதிதும் அல்ல. "தோஷே" என்று தெருவோரத்தில் தக்காளியும் வேகவைத்த கடலையும் தூவிய தோசையை வாங்கித் தின்கிறவர்கள்தான். (அந்தப் பெயரைப் பர்மியத்தில் எழுதினால் "குட்டை நெட்டை" என்று பொருள் வரும். யார் வைத்தார்களோ!)

நான் தம்வேயில் வீட்டிலிருந்தபடி இட்லி மாவும் பருப்புப்பொடியும் விற்கிறேன். ஃபேஸ்புக்கைப் பற்றி ஒரு எச்சரிக்கை: 2021 பிப்ரவரியிலிருந்து அது இங்கே முடக்கப்பட்டிருக்கிறது, தடையைச் சுற்றிப் போகும் விபிஎன் செயலி வழியாகத்தான் திறக்க வேண்டும். உங்கள் வாடிக்கையாளர் அத்தனை பேரும் அந்தச் சிரமம் எடுப்பார்கள் என்று நம்பி முழுக் கடையையும் அங்கே கட்டாதீர்கள். எனக்கு வியாபாரம் நடப்பது வைபர் என்ற செய்திச் செயலியில் வைத்திருக்கும் குழுவில். என்னிடம் ஒருமுறை மாவு வாங்கியவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் சேர்ப்பேன். ஒரு நாளைக்கு ஒரே செய்திதான், காலை ஆறு மணிக்கு: இன்று என்ன இருக்கிறது, எத்தனை படி இருக்கிறது, மின்சாரம் எப்போது போகிறது, அதனால் மாவு எத்தனை மணிக்குத் தயார். மின்வெட்டு நேரத்தைத் தெரிந்துகொள்வதற்காகவே குழுவில் இருப்பவர்களும் உண்டு. இருக்கட்டும், என்றாவது பசிக்கும்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், மதியம் 1.15

பலகைச் சண்டையில் யாரும் தள்ளுபடியைக் கவனிக்கவில்லை. அதைத்தான் முதலில் கைவிட வேண்டும்.

ஒரு தோசை 3,000 கியாட், அதை ஆக்க 2,100 கியாட் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் நிற்பது 900. பத்து விழுக்காடு குறைத்தால் விலை 2,700, நிற்பது 600. முன்பு 100 தோசையில் கிடைத்த அதே 90,000 கியாட்டைப் பெற இப்போது 150 தோசை வார்க்க வேண்டும். பத்தைக் குறைத்ததற்கு ஐம்பது விழுக்காடு அதிக வேலை, அதிக அடுப்பு, அதிக வியர்வை. அதுவும் ஆள் வந்தால்! தள்ளுபடி முடிந்த மறுநாள் பழைய விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்களையும் கணக்கில் சேருங்கள்.

பெரியவர் சொன்ன கொசுறு, கணக்குப்படியும் சரி. ஒரு சின்ன வடைக்கு உங்களுக்கு 200 கியாட் ஆகலாம். கையில் வாங்குகிறவருக்கு அது 500 போலத் தெரியும். விலையும் அடிபடாது.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகளிலும் இதே கவனம் வேண்டும். 20 விழுக்காடு கழிவு கேட்டால், மேலே சொன்ன 900இல் 600 போய்விடும். அந்த வழிக்குத் தனி விலை வைக்க முடியாதென்றால் வேண்டாம்.

இதெல்லாம் இருக்கட்டும். நான்கு மேசைகளில் உட்கார்ந்தவர்கள் எங்கே போனார்கள், தம்பி? அது தெரியாமல் பலகை எழுதுவது, நோய் கேட்காமல் மருந்து கொடுப்பது. ஒரு நோட்டு எடுங்கள். மூன்று நாள், காலையில் மட்டும், வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு: வாரம்தோறும் வருபவரா, எப்போதாவதா, முதல்முறையா. முதல்முறை என்றால் எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி.

பகோ வாசி | செவ்வாய், இரவு 8.40

எல்லோரும் பெரிய பெரிய யோசனை சொல்கிறீர்கள். எண்ணெய் விற்கிற விலையில் ஜனங்களிடம் காசு இல்லை. இல்லாத காசைப் பலகை எங்கிருந்து கொண்டுவரும்?

என் பங்குக்கு நான் செய்தது ஒன்றே ஒன்று. முன்பு என் கடையில் மூன்று இட்லி ஒரு தட்டு. இப்போது ஒரு இட்லியும் விற்கிறேன், அரைத் தட்டு பூரியும் விற்கிறேன். "ஒன்று போதுமா?" என்று கேட்கக்கூடாது என்று பையனுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கூச்சப்பட்டு வராமல் நின்றவர்கள் வருகிறார்கள்.

பழைய தராசு | செவ்வாய், இரவு 9.10

இது நல்ல வேலை. ஒப்புக்கொள்கிறேன்.

மாவரைக்கும் அக்கா | புதன், காலை 7.05

சில்லறை நோட்டுத் தட்டுப்பாட்டில் சில டீக்கடைகள் மீதிக்குப் பதிலாகத் தங்கள் கடைப் பெயர் போட்ட சீட்டு கொடுத்தார்களே, அதையும் தம்பி யோசிக்கலாம். சீட்டு கையில் இருந்தால் திரும்ப வந்துதானே ஆக வேண்டும்?

பழைய தராசு | புதன், காலை 7.30

அம்மா, அது ஈர்ப்பது அல்ல, கட்டிப்போடுவது. மீதி என்பது அவனுடைய பணம். மிட்டாய் கொடுத்தாலும் அவனைக் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நான் சில்லறைக்காகவே கோயில் உண்டியல் எண்ணுகிறவர்களிடம் போய்ப் பெரிய நோட்டு கொடுத்து மாற்றி வருவேன். "உன் கடையில் மீதி சரியாக வரும்" என்று ஊர் சொன்னது. அதைவிடவா சீட்டு?

கணக்குப்பிள்ளை | புதன், காலை 7.45

பெரியவர் சொல்வதே என் கருத்தும். அந்தச் சீட்டு, எழுதாமல் வாங்கிய கடன். கைபேசியில் பணம் செலுத்தும் கேபிஸெட் பே அட்டையைக் கல்லாவில் ஒட்டி வையுங்கள், மீதிப் பேச்சே பாதி குறைந்துவிடும்.

கல்லாப்பெட்டி மகன் | வெள்ளி, மாலை 4.30

மூன்று நாள் கோடு போட்டேன். இன்று காலை வரை 126 பேர். அவர்களில் 97 பேர் வாரம்தோறும் வருகிறவர்கள், 20 பேர் எப்போதாவது, 9 பேர் முதல்முறை. ஒன்பது பேரில் ஒருவர்கூடப் பலகையைப் பார்த்து வரவில்லை. ஆறு பேரை யாரோ அழைத்துவந்தார்கள். இரண்டு பேர் சாம்பார் வாசம் பிடித்து வந்தார்கள். ஒருவர் பக்கத்துச் செருப்புக்கடை என்று நினைத்து உள்ளே வந்து, அப்படியே உட்கார்ந்து பூரி சாப்பிட்டார்.

"பார்த்தாயா, பலகையால் ஒருவரும் வரவில்லை" என்றார் அப்பா. "படிக்க முடியாத பலகையால் எப்படி வருவார்கள்" என்றேன் நான். வாக்குவாதம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது.

ஆனால் அந்த 20 பேரிடம் பேசியதில் ஒன்று புரிந்தது. அவர்கள்தான் பழைய எட்டு மணிக் கூட்டம். வாடகை தாங்காமல் தாக்கேத்தாவுக்கும் துவன்னாவுக்கும் குடிபோயிருக்கிறார்கள். செவ்வாய், வெள்ளிகளில் காளியம்மன் கோயிலுக்கு வரும்போது மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள்.

மாவரைக்கும் அக்கா | வெள்ளி, மாலை 5.10

அப்படியென்றால் அவர்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி ஏதாவது விற்க வேண்டும்! பஸ்ஸில் ஒரு மணி நேரம் கெடாமல் இருக்க வேண்டும். தோசை வேண்டாம், நமுத்துப்போகும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அரைத்த மாவு. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வாசலில் ஒரு சிறு மேசை. அப்பா கையால் இடித்த பொடி என்றால் கூவ வேண்டியதே இல்லை.

இன்னொன்று. வசோ பௌர்ணமியிலிருந்து தடிஞ்சுட் பௌர்ணமி வரை, ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மூன்று மாத பௌத்த நோன்புக் காலத்தில், பர்மியர்களில் பலர் இறைச்சி விட்டு மரக்கறி சாப்பிடுவார்கள். நகரத்தில் அவர்களுக்கு நம்பிச் சாப்பிட இடம் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் கடை பிறவியிலேயே சைவம்! அதை வாசலில் ஒரு வரி பர்மியத்தில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. "இறைச்சி இல்லை, முட்டை இல்லை, ங்கபி இல்லை" என்று எழுதுங்கள். மீன்விழுது சேர்ந்ததா என்பதுதான் அவர்களுடைய முதல் சந்தேகம்.

அதே ஆட்கள் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் மடாலயத்தில் பிக்குகளுக்கு உணவு கொடுப்பார்கள். ஒருமுறை கொடுத்த வீடு அடுத்த வருடம் அதே தேதிக்கு மறுபடி கேட்கும். தேதியை மட்டும் நாட்காட்டியில் குறித்துவைத்து, இரண்டு வாரம் முன்னால் ஒரு வைபர் செய்தி. என் வருமானத்தில் கணிசமான பங்கு இதுதான். பிக்குகள் நண்பகலுக்குப் பிறகு உண்ணமாட்டார்கள் என்பதால், பத்தரைக்கெல்லாம் மடத்தில் இறக்கிவிட வேண்டும். ஒருமுறை தாமதித்தால் அந்த வீட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

பழைய தராசு | வெள்ளி, இரவு 8.00

இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. காலை பத்தரைக்கு நூறு பேருக்குச் சாப்பாடு போக வேண்டும் என்றால், எட்டு மணிக்கு வருகிற அந்த 97 பேருக்கு யார் தோசை வார்ப்பது? 71 வயது மனிதரா? புதிதாக வந்த நூறு பேருக்காக வாரம்தோறும் வருகிறவன் ஆறிய சாம்பாரைச் சாப்பிட்டால், அவன் சண்டை போடமாட்டான். பேசாமல் எழுந்து போவான், அவ்வளவுதான். நல்ல கடைகள் இப்படிக் கெட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மாவரைக்கும் அக்கா | வெள்ளி, இரவு 8.20

நியாயம். நாற்பது பேருக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம், வாரத்துக்கு ஒன்றுதான் என்று வையுங்கள். நானும் ஒருமுறை ஆசைப்பட்டு மாட்டிக்கொண்டவள்தான்.

கல்லாப்பெட்டி மகன் | ஞாயிறு, இரவு 9.45

பெரியவர் சொன்ன அந்தப் பழைய பயத்தைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அவருடைய சித்தப்பா கடைப் பலகை நீல நிறத்தில் தெருமுனையிலிருந்தே தெரியும் என்று மட்டும் சொன்னார்.

இன்று காலை அவரே ஏணி போட்டு ஏறிப் பழைய தமிழ்ப் பலகையைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார். எழுத்து தெரிகிறது. அதன் கீழே, அதைவிடச் சிறியதாக, பர்மியப் பலகை ஒன்றுக்குச் சம்மதம். தள்ளுபடி கிடையாது. பொடி மேசை வரும் வெள்ளி முதல். மடாலயச் சாப்பாட்டுக்கு இன்னும் தலையாட்டவில்லை. தோசை என்பதை "குட்டை நெட்டை" என்று எழுதுவதற்கும் ஒப்பமாட்டேன் என்கிறார். வேறு எப்படி எழுதினாலும் படிப்பவருக்குப் புரியாது என்று நானும் பெயிண்டரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பகோ வாசி | ஞாயிறு, இரவு 10.00

பெயரைப் பெயிண்டால் எழுது. விலையைச் சுண்ணக்கட்டியால் எழுது. இல்லையென்றால் மாதாமாதம் அந்தப் பெயிண்டருக்கும் சேர்த்துத் தோசை வார்க்க வேண்டிவரும்.