ஓகினாவா: ஜெனரல் பக்னர் இறந்தது ஷெல்லாலா, பாறையாலா?

வரைபடன்:
இரண்டாம் உலகப் போரில், 1945 ஜூன் 18-இல் ஜப்பானின் ஓகினாவா தீவில் அமெரிக்க 10-ஆவது ராணுவத்தின் தளபதி லெப்டினன்ட் ஜெனரல் சைமன் பொலிவார் பக்னர் ஜூனியர் பலியானார். ஷெல் சில்லு பட்டது என்று சிலர் எழுதுகிறார்கள், பவளப்பாறைத் துண்டு என்று சிலர். எது சரி? 'போரில் இறந்த மிக உயர்ந்த அமெரிக்க அதிகாரி' என்பதும் இடிக்கிறது. போரில் இறந்த லெப்டினன்ட் ஜெனரல் லெஸ்லி மெக்நேரும் அதே ரேங்க்தானே?

பீரங்கிப்பட்டறை:
பாறைத் துண்டுதான். 8-ஆவது மரைன் ரெஜிமென்ட்டின் (மரைன்கள் ராணுவத்தில் சேராத தனிப்படை, கடற்படைத் துறையைச் சேர்ந்தது) முன்னேற்றத்தை முன்வரிசைக் கண்காணிப்பு நிலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மதியம் சுமார் 1.15-க்கு ஜப்பானிய ஷெல் ஒன்று நிலைக்கு மேலேயே வெடித்தது. அதில் பெயர்ந்த பவளப்பாறைத் துண்டு மார்பில் பாய்ந்து, பத்து நிமிஷத்தில் உயிர் போய்விட்டது.

பலரும் கவனிக்காதது தரையைத்தான். சேற்றில் விழும் ஷெல் புதைந்து வெடிக்கும், சில்லுகளில் பாதியை மண்ணே விழுங்கிவிடும். பாறையில் அப்படியில்லை. சில்லு குறையாது, போதாக்குறைக்கு உடையும் பாறையும் சில்லாகிறது. பாறை இடுக்கு நேர்ச்சூட்டுக்கு நல்ல மறைவு, தலைக்கு மேல் வெடிப்பதற்கு மோசமான இடம். மேலே கூரையும் பாறைமுகத்தில் மணல்மூட்டையும் இருந்தால்தான் அது பாதுகாப்பு.

ஹெல்மெட்டின் மூன்று நட்சத்திரம் காட்டிக்கொடுத்தது என்பது பிரபலமான கதை. உயரமான இடத்தில் அதிகாரிகள் கும்பலாக நின்றாலே கன்னர் சுட மாட்டானா என்ன?

கோப்புக்காரர்:
ரேங்க் விஷயத்தில் 'எதிரியின் சூட்டில்' என்ற சொல்லை விட்டால் தப்பு. மெக்நேர் 1944 ஜூலை 25-இல் நார்மண்டியில், செயின்ட்-லோ அருகே, சொந்த விமானங்களின் குண்டில் இறந்தவர். இருவருக்கும் 1954-இல்தான் முழு ஜெனரல் பதவி தரப்பட்டது.

தென்முனை:
சாவைவிட விவாதத்துக்குரியது அவர் போரை நடத்திய விதம். வெஸ்ட் பாயிண்ட் 1908, பிறகு பெரும்பாலும் பயிற்சிப் பதவிகள், 1940 முதல் அலாஸ்கா. பெரிய தரைப்போரை நேரடியாக நடத்தியது ஓகினாவாவில்தான். ஜப்பானியரின் முக்கியத் தற்காப்பு வரிசையான ஷுரி அரணுக்குப் பின்னால், தெற்கே மினாடோகாவில் இரண்டாவது தரையிறக்கம் நடத்தலாம் என்று 77-ஆவது டிவிஷன் தளபதி புரூஸ் கேட்டார். பக்னர் மறுத்து, நேருக்கு நேர் மோதிக்கொண்டே போனார். மே 29-இல்தான் ஷுரி கோட்டை விழுந்தது.

பீரங்கிப்பட்டறை:
மறுப்புக்குக் காரணம் பிடிவாதம் மட்டுமில்லை. உணவு அனுப்ப முடியும், வெடிமருந்து முடியாது என்று சப்ளை அதிகாரி கைவிரித்தார். ஏப்ரல் 6-இல்தான் இரண்டு வெடிமருந்துக் கப்பல்களை காமிகாசேக்கள் (ஜப்பானியத் தற்கொலை விமானிகள்) அழித்திருந்தார்கள். மினாடோகா கடலோரத்தில் பவளத் திட்டு, அதன் பின்னால் செங்குத்துப் பாறை. ஏப்ரலில் மறுத்தது சரி. ஆனால் மே மாதம் மரைன்களும் தெற்குப் போர்முனைக்கு வந்தபின் அதே பதிலைச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது.

வரைபடன்:
நன்றி. அடுத்து யார் பொறுப்பேற்றது?

கோப்புக்காரர்:
மரைன் ஜெனரல் ராய் கைகர். ஒரு மரைன் அதிகாரி 10-ஆவது ராணுவம் போன்ற முழு கள ராணுவம் (field army, பல கோர்கள் சேர்ந்தது) ஒன்றுக்கே தலைமை தாங்கியது அதுதான் முதல் தடவை. ஜூன் 21-இல் தீவு கைப்பற்றப்பட்டதாக அறிவித்தவர் அவரே. 23-இல் ராணுவ ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டார்.